வலப்பக்கம் திரும்பாத ஊர்

2015 ஏப்ரல் 13, திங்கட்கிழமை. பெருவின் வடகடற்கரை ஊரான வான்சாக்கோவில், ஓர் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு அலைச்சறுக்கு உடற்பயிற்சிப் பாடமாகச் சேர்க்கப்பட்டது. பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். பலகைகள் ஆறு இருந்தன.

அனுமதி ஓராண்டுக்கு மட்டும்தான். தலைமையாசிரியர் மெல்கியாதெஸ் அதை ஆசிரியை லிசெத்திடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"ஜூன்ல லிமாவுல பள்ளிக்கூடப் போட்டி இருக்கில்ல? உங்க பிள்ளைங்கள்ல ஒருத்தராவது முதல் சுத்தைத் தாண்டட்டும். இல்லன்னா அடுத்த வருஷம் வாலிபால். வாலிபால் ஆடி எவனும் மூழ்கினதா நான் கேள்விப்படல."

லிசெத்துக்கு வயது இருபத்தாறு. அதே ஊர்க்காரி. இந்த வகுப்பைக் கேட்டு இரண்டு வருடம் மனுப் போட்டவள். முதல் நாள் கரும்பலகையில் போட்டி விதிகளை எழுதினாள். தண்ணீரில் நான்கு பேர், இருபது நிமிடம். ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். ஒருவருடைய சிறந்த இரண்டு அலைகளை மட்டும் கூட்டுவார்கள். முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். பிறகு ஓர் அலையை வரைந்து, அதன் வலப்பக்கம் அம்புக்குறி போட்டாள்.

"போட்டி நடக்கிறது புந்தா ரோக்காஸ்ல. அங்க நல்ல அலை வலது பக்கம் ஓடும். இதுல யாரு வலது பக்கம் போயிருக்கீங்க?"

ஒரு கையும் எழவில்லை. வான்சாக்கோவில் அலைகள் இடப்பக்கமாகத்தான் ஓடும். அலையை முகம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக அங்கே பிள்ளைகள் வலது காலை முன்னே வைத்து நிற்கப் பழகுகிறார்கள். அதே நிலையில் வலப்பக்கம் போனால் அலை முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். கடலுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று நடை பழகும்போதே திட்டு வாங்கி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

"நீங்க போயிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டான் வில்தெர். வகுப்பின் வாயாடி.

பொய் சொன்னால் தண்ணீரில் இறங்கியதும் தெரிந்துவிடும். "மூணு தடவை போனேன். மூணு தடவையும் விழுந்தேன்," என்றாள் லிசெத்.

வகுப்பு சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது.

வலது அலை ஊரில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நாணல் படகுகள் கரையேறும் இடத்தில், கடல் ஏறும் நேரத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒன்று கிளம்பி நாலு விநாடி வலப்பக்கம் ஓடிவிட்டுச் செத்துப்போகும். அதை அலை என்று யாரும் மதித்ததில்லை. லிசெத் படகுக்காரர் அசுன்சியோனிடம் போய் இடம் கேட்டாள்.

"எடுத்துக்க டீச்சரம்மா. படகு வந்தா மட்டும் ஒதுங்கிடணும்," என்றார் அவர். "ஆனா அது அலையா, இல்ல யாராவது வாளித் தண்ணியக் கொட்டினதா?"

"முதல்ல வாளித் தண்ணியில நிக்கட்டும் அண்ணே."

ஆளுக்கு நாளொன்றுக்கு இருபது தடவை. விழுந்தாலும் அது ஒரு தடவைதான். பலகை கிடைக்காதவர்கள் மணலில் கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையாகக் குந்தி, வலத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துப் பழகினார்கள். எதிரே மீன் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், "பின்னாடி யாரு, கடன்காரனா வரான்?" என்று குரல் கொடுத்தார்கள். ஓய்வில் இருப்பவர்கள் நடுவர்களாகி அட்டையில் மதிப்பெண் எழுதித் தூக்கிக் காட்டினார்கள். லிசெத்துக்கும் விலக்கு இல்லை. அவள் குப்புற விழுந்த அன்று வில்தெர் காட்டியது அரை மதிப்பெண். "அதுவும் நம்ம டீச்சராச்சேன்னு!"

மே மாதம் பதினேழு பேர் ஒன்பது பேரானார்கள். ஒரு நாளும் தவறாமல் வந்தவள் பிரிசெய்தா. இட அலையில் அவளைவிட நன்றாக ஓடுகிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். தன்னைப் பார்த்து யாரும் சிரிப்பது மட்டும் அவளுக்குப் பிடிக்காது. எல்லாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் அவள் தண்ணீரில் இருந்தாள்.

"போதும்டி, அலைக்கே வலிக்கப்போவுது," என்றான் வில்தெர்.

"இவ்ளோ பேசி உன் வாய்க்கே வலிக்கல. அலைக்கு எங்கடா வலிக்கும்?"

ஆறாவது வாரம் ஒருநாள் அவள் தொடர்ந்து பன்னிரண்டு தடவை விழாமல் கரைவரை வந்தாள். அசுன்சியோன் வலையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

ஜூன் 20 அன்று, ஒன்பது மணி நேர பஸ் பயணத்துக்குப் பிறகு, நான்கு பேர் போட்டியில் இறங்கினார்கள். அன்று புந்தா ரோக்காஸில் இடப்பக்கம் போன அலைகள் மொத்தமாக மடிந்து விழுந்தன. வில்தெரும் மற்ற இருவரும் அலை கிடைத்த போதெல்லாம் இடப்பக்கமே திரும்பினார்கள். மூவரும் தத்தம் சுற்றில் கடைசி.

"மூளை வலதுன்னுதான் சொல்லுது டீச்சர். காலு வான்சாக்கோன்னு சொல்லுது," என்றான் வில்தெர், காதிலிருந்து தண்ணீரைத் தட்டியபடி.

மிஞ்சியவள் பிரிசெய்தா. மஞ்சள் சட்டை. முதல் அலையில் அவளும் இடப்பக்கமே போய் நுரைக்குள் காணாமல் போனாள். மஞ்சளுக்கு 1.20 என்றது ஒலிபெருக்கி. வாலிபால் வலையை எங்கே கட்டுவார்கள் என்றுகூட லிசெத் யோசித்துவிட்டாள்.

அடுத்த அலை தோள் உயரத்துக்கு வந்தது. பிரிசெய்தா எழுந்தாள், முதுகைக் கடலுக்குக் கொடுத்தாள், குந்தினாள், தோளுக்கு மேலாகப் பார்த்தாள். மணலில் குந்தியது போலவே. மூன்று திருப்பங்கள். 4.60.

இரண்டாம் இடத்துக்கு வர இன்னோர் அலையில் 3.44 வேண்டும். நேரம் இரண்டு நிமிடம். அவள் சிறிய அலை ஒன்றைப் பிடித்தாள். இரண்டாவது திருப்பத்தில் பலகை நழுவியது. கை தண்ணீரில் உரசியது. ஆனால் விழவில்லை. சங்கு ஊதியது. மதிப்பெண் வருவதற்குள் அவள் கரைக்கே வந்துவிட்டாள்.

"3.57," என்றது ஒலிபெருக்கி. வில்தெர் கத்தியதில் அடுத்த எண் யாருக்கும் கேட்கவில்லை.

"அந்தக் கடைசி அலையில என்னடி நெனச்ச?" என்று லிசெத் அவள் தோளை உலுக்கினாள்.

"ஒண்ணும் நெனைக்கல டீச்சர். பசிச்சுது."

பிரிசெய்தாவின் மொத்தம் 8.17. மூன்றாமவளுக்கு 8.03. பிற்பகல் நடந்த அடுத்த சுற்றில் பிரிசெய்தா நான்காவதாக வந்தாள். 2016 மார்ச்சில், புதிய பள்ளியாண்டுக்காக ஒட்டப்பட்ட கால அட்டவணையில் அலைச்சறுக்குக்குச் செவ்வாயும் வியாழனும் கடைசி இரண்டு பாடவேளைகள் தரப்பட்டிருந்தன.