கீச்சென்று கத்தும் மீட்டர்

கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் மின்சாரத்தைச் சோதிக்கும் மல்டிமீட்டர்கள் மூன்று மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பன்னிரண்டு வருடம் அடுத்தவர் கடையில், அடுத்தவர் மீட்டரைப் பிடித்து ரிப்பேர் பார்த்தவள் போன வாரம்தான் வேலையை விட்டாள். இன்று வாங்கப்போவது முதல் சொந்த மீட்டர். மூன்று மணிக்கு முதல் சொந்த வேலையும் காத்திருந்தது.

நாடக அரங்கத்தின் சவுண்ட் மிக்சர் ஊமையாகிவிட்டது. பழைய முதலாளி வந்து பார்த்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டே போச்சு என்று கைகழுவிவிட்டார். ஆறு மணிக்கு நாடகம். அதற்குள் அதை அவள் பேச வைத்துவிட்டால் அரங்கத்து வேலையெல்லாம் இனி அவளுக்குத்தான். முடியாவிட்டால் முதலாளி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த மனுஷர் அதற்குக் கூச்சப்படுகிற ரகமும் இல்லை.

கூட வந்திருந்த கணவர் பஸ் டிரைவர். எதையும் கனத்தை வைத்தே மதிப்பிடுகிறவர். இருப்பதிலேயே பெரிய மீட்டரைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"செங்கல் மாதிரி கனமா இருக்கு. இதையே எடு. உங்க முதலாளிகிட்டயும் இதானே இருக்கு?"

"அவர் வச்சிருந்தா நானும் வச்சுக்கணுமா?"

அவள் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். உள்ளே இருந்தது கண்ணாடி இல்லை, சீப்புப் பல் போல ஊசிகள் வரிசையாக நிற்கும் ஒரு பழைய கனெக்டர். அதில் இரண்டு ஊசிகளை அவளே ஈயம் வைத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாள். மீட்டரின் ஒரு முனையை ஒட்டிய ஊசியில் வைத்து, மறுமுனையால் மற்றவற்றை ஒரே இழுப்பாக வருட வேண்டும். ஜோடி ஊசியைத் தொட்ட கணமே, இரண்டும் ஒட்டியிருக்கின்றன என்று மீட்டர் கத்த வேண்டும்.

"எல்லாரும் டிஸ்பிளேதாம்மா பார்ப்பாங்க" என்றார் கடைக்காரர்.

பெரியதை வைத்து வருடினாள். மூச்சே இல்லை. இரண்டாவது, முனை ஜோடியைத் தாண்டிப்போன பிறகு சாவகாசமாகக் கத்தியது.

"பஸ் போன பிறகு கை காட்டுற ஆளு இது" என்றார் கணவர்.

மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கும் பொடி மீட்டர். வருடினாள். கீச். மறுபடி வருடினாள். கீச். ஐந்து தடவையும் தவறவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எலிக்குஞ்சு மாதிரி இருக்கே" என்று இழுத்தார் அவர்.

"மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிதுங்க" என்றார் கடைக்காரர், அதுவரை பெரியதையே துடைத்துக்கொண்டிருந்தவர்.

அரங்கத்தில் மிக்சரைக் கரண்டிலிருந்து பிடுங்கி, மூடியைக் கழற்றி, போர்டுகளை இணைக்கும் கனெக்டரை வருடினாள். ஒன்றோடொன்று ஒட்டக்கூடாத ஊசிகள். மூன்றாவது இழுப்பில் கீச்.

அவள் கை நின்றது. முதலாளியும் இப்படித்தான் வருடியிருப்பார், இதே வேகத்தில்; அது பல வருடப் பழக்கம். ஆனால் போன வருடம் வாங்கிய, கடையில் பார்த்த அதே ரகப் பெரிய மீட்டரால். அது வாயைத் திறக்கவில்லை, அவரும் கனெக்டர் சுத்தம் என்று நம்பிப் பழியைப் போர்டின் தலையில் போட்டுவிட்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு ஊசிகளுக்கு நடுவே முடி அளவு ஈயம். பிளேடு நுனியால் சுரண்டி எடுத்தாள். திரும்ப வருடினாள். சத்தமில்லை.

மூடியைப் பூட்டி, சுவிட்சைப் போட்டு, மேடை மைக்கின் ஒலியை மெல்ல ஏற்றினாள். கணவர் அந்த மைக் பக்கத்தில்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார். எட்டு ஸ்பீக்கரிலும் அவர் முணுமுணுப்பு முழங்கியது.

"ஜெயிச்சுரணும். எப்படியாவது இவ ஜெயிச்சுரணும்."

அரங்க மேலாளரும் வேஷம் போட்டுக்கொண்டிருந்த நடிகர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒலியைக் குறைக்கவில்லை.

"கேட்டுடுச்சா?" என்றார் அவர். அதுவும் கடைசி வரிசை வரை கேட்டது.