மதுவிலக்குப் பேச்சில் முதல் பரிசு

உத்திரமேரூர் பக்கம் வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டிவைத்துப் போன மிஷன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சாம்சனைப் போல் பேச ஆளில்லை. குடிக்கவும் ஆளில்லை. இருபத்திரண்டு வயது. காவாந்தண்டலத்தில் நாற்று நட்டு அம்மா ஏஞ்சல் அனுப்பிய தேர்வுக் கட்டணத்தையும் குடித்துத் தீர்த்திருந்தான். மூன்று முறை விட்டுப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் கை நடுங்கி, கரும்பலகையில் எழுத்து கோணியது. பார் நடத்தும் முனிரத்தினத்திடம் கடன் நாலாயிரத்தைத் தொட்டது.

நிறுவனர் நாளுக்கு மதுவிலக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு ஐயாயிரம். நடுக்கம் நிற்கக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டுதான் சாம்சன் மேடையேறினான். குடியால் குலைந்த ஒரு வீட்டைப் பற்றிப் பேசினான். ஆசிரியைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன கற்பனை என்று வியந்தார்கள். அது எந்த வீடு என்று தெரிந்த ஏஞ்சல் மட்டும் கடைசி வரிசையில் தலைகுனிந்திருந்தாள்.

பரிசளிக்க, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தந்த வள்ளலைத் தாளாளர் ஆல்பர்ட் அழைத்தார். வெள்ளை வேட்டியில் எழுந்து வந்தவர் முனிரத்தினம்.

உறையை நீட்டி, கேமராவுக்குச் சிரித்தபடியே அவர் முணுமுணுத்தார்: "நல்லா பேசினப்பா. கீழ எறங்கினதும் கவரை நம்ம டிரைவர்கிட்ட குட்த்துடு."

சாம்சன் மைக் பக்கம் திரும்பினான். "இவுரு பார்ல எனக்கு நாலாயிரம் பாக்கி கீது. அதுக்குத்தான் இந்தப் பரிசு."

கூட்டம் சிரித்தது. ஆல்பர்ட் சிரிக்கவில்லை. மறுநாளே விசாரணை. குடித்ததற்காக அல்ல, விருந்தினரை அவமதித்ததற்காக. பொறுமையைப் பற்றி ஒரு வசனம் வாசித்து, பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பதினைந்து நாள் இடைநீக்கம் செய்தார்.

"வாயை மூடிக்கினு இருந்தா கடனாச்சும் அடைஞ்சிருக்கும்" என்றாள் ஏஞ்சல்.

"அடைச்சிருந்தா மறுபடியும் கடன் குடுப்பாரும்மா. இனிமே குடுக்கமாட்டாரு."

அந்தப் பதினைந்து நாளும் அவன் உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்கினான். முதல் வாரம் வாந்தியெடுத்துக்கொண்டே தூக்கினான். ஒரு சனிக்கிழமை கூலியோடு கடைவரை போய், குடித்தும் விட்டான். திங்கட்கிழமை மறுபடி மண்டிக்குப் போனான். தேர்வுக் கட்டணம் கட்டினான், தேர்வும் எழுதினான். முனிரத்தினத்துக்கு வாரம் இருநூறு போகிறது. வள்ளல் வட்டியை மட்டும் விடவில்லை.