வேப்பங்குழை கட்டிய வலை

மான்களைத் துரத்தித் துரத்திச் சரீபுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடற்கரை வேலியில் வலையைக் காயப்போட்டால் போதும், ஊரோடு பழகிக் கோட்டைப் பக்கம் திரியும் பெட்டைமான்கள் உப்பு நக்க வந்துவிடும். நக்குவதோடு நின்றாலும் பரவாயில்லை. காலை மாட்டிக்கொண்டு இழுத்துக் கிழித்துவிட்டுத்தான் போகும். இருப்பதோ ஒரே வலை. விடாத மழைக்குப் பிறகு இன்றைக்குத்தான் கடல் அடங்கியிருக்கிறது. குடாவுக்குள் கீரிமீன் கூட்டம் வந்திருக்கிறதென்று காலையிலிருந்து பேச்சு. பொழுது சாய வள்ளம் இறக்க வேண்டும்.

"வேப்பங்குழையைக் கட்டிவிடு தம்பி," என்றாள் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் கோணேஸ்வரி. "கசப்புக்கு ஒண்டும் வாய் வைக்காது."

வலை நெடுகக் கட்டினான். பெட்டைகள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. நிம்மதியாக அவள் ஊற்றித் தந்த பிளேன்ரீயை வாயில் வைத்தபோதுதான் கொம்பன்மான் வந்தது.

இணை தேடும் பருவமென்று பஸ் நிலையம் வரைக்கும் கத்திக்கொண்டு திரிந்த பெரிய கொம்பன். அது தின்ன வரவில்லை. குழைக்குள் கொம்பை விட்டுக் கிளறியது. ஒரே தூக்கில் தலையில் ஏற்றியது. குழையோடு வலையும் போனது.

"என்ட அல்லாஹ்! அக்கா, உங்கட வைத்தியத்தைப் பாருங்கோ!"

"வாய் வைக்காது எண்டுதானே சொன்னனான். வைச்சதா?"

சரீபை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் வள்ளக் கூட்டாளி வினோதன் சிரிப்பை அடக்க ஏலாமல் நின்றான். "நானா, அது மாப்பிள்ளைக் கோலம். இந்தக் காலத்தில இலை குழையைக் கொம்பில சுத்திக்கொண்டுதான் பெட்டையளுக்கு முன்னால போகும்."

"அதுக்கு என்ட வலைதானா தலைப்பா?"

கொம்பன் வலையை இழுத்தபடி பெட்டைகளுக்கு முன்னால் நடைபயின்றது. அதைப் பொறுக்காமல் கோயில் வீதிப் பக்கமிருந்து இன்னொரு கொம்பன் பாய்ந்து வந்து முட்டியது. முட்டிய வேகத்தில் வலை இரண்டையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. பின்வாங்கவும் வழியில்லை. உதறும் ஒவ்வொரு தடவையும் வலைக்கயிறு புதிதாக வந்ததன் கழுத்தை இறுக்கியது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

"வனஜீவித் திணைக்கள ஆக்களுக்குப் போன் எடுத்தனான்." வினோதன் இப்போது சிரிக்கவில்லை. "வெருகல் பக்கம் யானைக்குப் பின்னால நிக்கினமாம். வர இருட்டிடும்."

சரீப் கடலைப் பார்த்தான். ஆறுதலாகச் சிக்கெடுத்தால் வலை தப்பும், மான் தப்பாது.

"கத்தியைத் தாடா."

"நானா, வலை..."

"என்ட வலை எனக்குத் தெரியாதா? தா!"

கோணேஸ்வரி ஓடிவந்து ஈரச்சாக்கால் மான்களின் கண்களை மூட, வினோதன் கொம்புகளைப் பிடிக்க, சரீப் அறுத்தான். மானை, குழையை, மழையை, கீரிமீனை, எல்லாவற்றையும் உரத்துத் திட்டித் திட்டியே அறுத்தான். கடைசிக் கயிறு விட்டதும் கொம்பன்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விழுந்து எழும்பின. பெட்டைகளைத் தேடின.

பெட்டைகள் அங்கே இல்லை. விரலளவு கொம்பு முளைத்த விடலை மான் ஒன்று அவற்றோடு ஒட்டிக்கொண்டு வள்ளங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இதுக்குத்தானா ரெண்டு பேரும் சண்டை பிடிச்சனீங்கள்?" என்று கேட்டான் சரீப். கொம்பன்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின.

மற்ற வள்ளங்கள் கடலில் இறங்கிக்கொண்டிருந்தன. பாதி வலைதான் மிச்சம். அதிலிருந்த வேப்பங்குழையை ஒன்றுவிடாமல் பிய்த்தெறிந்துவிட்டு, கிழிசலைப் பொத்துவதற்காக வேலியில் விரித்தான். ஊசி எடுக்கத் திரும்பினான்.

பின்னால் நக்கும் சத்தம். பெட்டைமான் ஒன்று திரும்பி வந்திருந்தது.

துரத்த வாயைத் திறந்தான். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.