கலாவதியின் ஹார்ட் டிஸ்க்

பிள்ளையார்பாளையத்தில் கலாவதி வீட்டு ஹார்ட் டிஸ்க், ஆடி மாசத்தில் ஒரு நாள், தன் கம்ப்யூட்டரில் மட்டும் தெரியாமல் தெருவிலிருந்த மற்ற எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிய ஆரம்பித்தது. டிஸ்க் என்னவோ அவள் வீட்டுப் பெட்டிக்குள் திருகு போட்டபடியேதான் இருந்தது. மற்ற இடங்களில் பெயர் மட்டும் வரும், திறந்தால் திறக்காது. "கலாக்கா, உன் டிஸ்க்கு எங்க கடையில குந்திக்கினு இருக்குதுமா, வந்து இட்டுக்கினு போ" என்று ஜெராக்ஸ் கடை தேவகி போன் செய்தாள்.

கலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தாறு வயதில், ஆவணியில், அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, தாமல் கிராமத்துத் துரைக்கண்ணு. ஊருக்கெல்லாம் பட்டுப்புடவை பார்டர் வரைந்து கொடுத்தவள், தனக்கென்று ஒன்றே ஒன்று வரைந்து, யாருக்கும் காட்டாமல் அந்த டிஸ்க்கில் வைத்திருந்தாள். அதை எடுத்து, அதன்படி அட்டையில் துளை குத்தி மாட்டினால்தான் தறியில் பார்டர் விழும். தம்பி முத்துக்குமார் அதற்காகவே தறியை நிறுத்தி, புதுப் பாவு நூல் ஏற்றிவிட்டுக் காத்திருந்தான்.

"வேற எதுனா போட்டுக்கலாம்கா."

"வேற எதுனா போட்டுக்கறதுக்காடா இவ்ளோ வருஷம் இருந்தேன்?"

மெக்கானிக் கிறிஸ்டோபர் வந்தான். கேபிளைப் பிடுங்கிச் சொருகினான், வேறு கேபிள் போட்டான், மதர்போர்டில் செத்துப்போயிருந்த வட்ட பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தான். டிஸ்க் இல்லை என்றே திரை சொன்னது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அலுத்துப்போய் டீ குடிக்கக் கிளம்பியவன், ஜெராக்ஸ் கடையில் ஒன்றைப் பார்த்தான்: பக்கத்து வீட்டுத் தறிகள் சாப்பாட்டுக்கு நின்றதும் டிஸ்க் மறைந்தது, தறி ஓடியதும் திரும்பி வந்தது. கலாவதியின் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து தறிக்குப் பக்கத்திலேயே இருந்தது, அந்தத் தறிதான் இப்போது நின்றுகிடக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"கோச்சுக்காதக்கா. தறிய ஓட்டு, வந்துரும்."

"டிசைன் இல்லாம எப்பிடிடா ஓட்றது?"

"டிசைன் வர்றதுக்குத்தான்கா ஓட்ட சொல்றேன்."

கலாவதி முந்தானையைச் செருகிக்கொண்டு தறிக்குழியில் இறங்கினாள். பார்டர் இல்லாமல், வெறும் அரக்குப் பட்டாக, ஒரு சாண் நெய்தாள். கிறிஸ்டோபர் சுவிட்சைப் போட்டான். டிஸ்க் வந்தது, எங்கேயும் போகாதது போல.

அந்த ஒரு சாண், புடவையில் இடுப்பில் செருகும் பக்கமாகப் போய்விட்டதால், துரைக்கண்ணுவைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியாது.

கல்யாணம் முடிந்து, கம்ப்யூட்டரும் அவளோடு தாமலுக்குப் போனது. அங்கே அவர்கள் வீட்டைச் சுற்றி நெல் வயல்தான், தறி கிடையாது. அதனால் தினமும் காலையில் துரைக்கண்ணு போன் செய்கிறார். "மச்சான், உங்கக்கா கம்ப்யூட்டர் போடப் போவுது, கொஞ்சம் ஓட்டுப்பா." முத்துக்குமார் போனைத் தறி மேல் வைத்துவிட்டு நெய்கிறான். துரைக்கண்ணு தன் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, திரையில் பெயர் வரும்வரை நிற்கிறார்.