காலை எடுத்தால் வரும் சத்தம்

...இல்லை, இது ரோட்டுக் கல்லால் வருகிற நடுக்கம், வண்டியினுடையது அல்ல, கியர் லீவர் மேல் வைத்த உள்ளங்கையில் ஒன்றும் தட்டவில்லையே, போன வாரம் ஷாஃப்ட்டின் மூட்டுகளில் இருக்கிற கிராஸ் இரண்டையும் மாற்றியதோடு அந்த அதிர்வு அடங்கிவிட்டது, பிறகு என்னதான் கேட்கிறதாம் அந்த ரோடு இன்ஜினியர் அம்மாவுக்கு, மறுபடியும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “மாஸ்டர், இன்னும் ஊளையிடுது, உங்களுக்கு நெசமாவே கேக்கலையா?” என்று ஷெட் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டார், கோபமாகக்கூட இல்லை... கோபப்பட்டுத் திட்டியிருந்தால் தேவலை. கேட்கவில்லை என்பதை எந்த மெக்கானிக் வாய்விட்டுச் சொல்வான்? இடிக்கிற சத்தம், தட்டுகிற சத்தம் எல்லாம் இவர் காதில் விழத்தான் செய்கிறது, மெல்லிசாக, கூர்மையாக வருவதுதான் எங்கோ போய்விட்டது, எப்போது போனது என்றுகூடத் தெரியவில்லை, சொல்லிக்கொண்டா போகிறது. காது போனவனிடம் யார் வண்டி விடுவார்கள், அதுவும் மலைச்சரிவில் ஓடுகிற நாலு சக்கர டிரைவ் வண்டியை? உள்ளே ஏதாவது பேரிங் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்த அம்மா நேரே பள்ளத்தில்தான். அலுப்பாக இருந்தது அவருக்கு, உடம்பைக் கழற்றி ஒரு ஓரமாக வைத்துவிட்டால் நன்றாக இருக்கும் போல.

அதனால்தான் பக்கத்து சீட்டில் மனைவி. ஷெட்டில் ஒருத்தனைக் கூட்டி வந்திருந்தால் சாயங்காலத்துக்குள் தெருமுனை வரை சேதி போய்விடும், இவளிடம் சும்மா ஒரு சுற்று போய் வரலாம் வா என்றார், கல்யாணமான நாளிலிருந்து சும்மா ஒரு சுற்று கூட்டிப் போனவரா இவர், அவள் ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினாள். ஏதாவது சத்தம் கேட்டால் சொல் என்றதற்கு, “உங்களுக்குக் கேக்காதா?” என்றாள். ரெண்டு பேர் காது இருந்தால் நல்லதுதானே... சமாளித்தாயிற்று. மண் ரோட்டில் இறக்கி, நாலு சக்கரத்துக்கும் டிரைவ் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “கால எடுத்தா வருது. மிதிச்சா போயிடுது.” எப்படி வருகிறது? “கொசு மாதிரி... இல்ல, அந்தக் கொசு உக்காந்து அழுதா எப்படி, அப்படி.” அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கொசுவும் இல்லை அழுகையும் இல்லை, வெறும் டயர் உருளுகிற சத்தம்தான் அவருக்கு. டிரைவ் லீவரைப் பின் சக்கரத்துக்கு மட்டும் மாற்றிவிட்டு இறங்கி, முழங்கால் மடக்க முடியாமல் மடக்கி, முன் சக்கரங்களின் நடுவிலிருந்த குமிழ்களைத் திருப்பிவிட்டார், இனி முன் அச்சுக்குள் எதுவும் சுற்றாது, பின் சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். மறுபடி அதே ரோடு, அதே வேகம். “இப்ப இல்ல,” என்றாள். அப்படியென்றால் முன் அச்சின் நடுவே இருக்கிற டிஃபரன்ஷியல், அதன் பல்சக்கரத்தைத் தாங்குகிற பினியன் பேரிங், சந்தேகமே இல்லை, காது மட்டும் இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார், கை சொன்னதை நம்பி கிராஸை மாற்றிவிட்டு மார்தட்டிக்கொண்டதுதான் மிச்சம். சரி, இந்த வண்டி தப்பித்தது... அடுத்த வண்டிக்கு? ஒவ்வொன்றுக்கும் இவளை ஏற்றிக்கொண்டு திரிய முடியுமா?

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். நல்லவேளை நீ வந்தாய் என்று சொல்ல வாயெடுத்தபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கவே இல்லையா?” இல்லை என்று தலையை ஆட்டினார், இத்தனை நாள் மறைத்தது இவ்வளவு சுளுவாக வெளியே வந்துவிட்டதே. அவள் சீட்டில் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். “டாக்டர்கிட்ட போகணும், கூட வாங்கன்னு சொன்னேன். அடுப்படியில நின்னு சொன்னேன். நீங்க ‘ம்’னீங்க. காத்திருந்து பாத்துட்டு நான் மட்டும் போயிட்டு வந்தேன். வேணும்னே வரலைன்னு நெனச்சேன் இத்தன நாளா.” எந்த டாக்டர், எப்போது, இவளுக்கு என்ன... எதற்கெல்லாம் இப்படி ‘ம்’ போட்டிருக்கிறார்? “எதுக்குப் போன? என்ன சொன்னாங்க?” என்று கேட்டார், குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னாள், தணிந்த குரலில், கன்னம் அசைவது மட்டும் தெரிந்தது, ஒரு சொல்லும் காதில் பிடிபடவில்லை, இவ்வளவு நேரம் சொல்லும்படி அப்படி என்ன இருக்கிறது, வாய்வரை வந்த ‘ம்’மை விழுங்கிக்கொண்டு, திரும்பச் சொல் என்று கேட்பதற்காக, அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.