இரட்டைத் தையல்

எங்கள் தெருவில் ஈட்டியால் மீன் பிடிக்கிறவனுக்குக் கொக்கு என்று பெயர். நெட்டைக் கால், நீண்ட கழுத்து, படகில் ஆடாமல் அசையாமல் நிற்கிற பொறுமை. வேறு என்ன பெயர் வைப்பது? அவன் பெண்டாட்டி தையல்காரி. அவளுடைய தம்பி அக்கா வீட்டுச் சோற்றில் வளர்ந்த செல்லம். கொக்குக்கு மச்சினன், கூட்டாளி, தலைவலி எல்லாம் அவன்தான்.

ஆறு எப்போதும் கலங்கல். கையை விட்டால் விரல் தெரியாது. மச்சினன் மூழ்கி, கரையோர வேர்ப் பொந்துகளைத் தடவி, கெளுத்தி தட்டுப்பட்டால் குத்துவான். குத்தியதும் ஈட்டியை விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். ஈட்டியின் வாலில் கட்டிய கயிறு படகில் கொக்கின் கையில் இருக்கும். கயிறு துள்ளினால் மீன் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். உடனே இழுத்தால் சதை பிய்ந்து மீன் போய்விடும். விட்டுக்கொடுத்து, அது களைத்த பிறகுதான் இழுப்பார்கள்.

ஒருநாள் முடிச்சு அவிழ்ந்து ஈட்டியே போய்விட்டது. தலையணை உறை தைக்கக் கொடுக்கப் போன நேரம், வசவு முழுவதும் என் காதில் விழுந்தது.

"இன்னொரு ஈட்டியத் தொலச்சே, வாசப்படி மிதிக்காதே!"

"ஈட்டிதானக்கா போச்சு. நான் வந்துட்டேன்ல?"

"வந்து என்ன கிழிச்சே? சோத்துக்கு ஒரு ஆளு!"

திட்டிக்கொண்டே ஒரு பட்டை தைத்தாள். ஒரு முனையில் மணிக்கட்டுக்கு வளையம், மறுமுனையில் ஈட்டிக்கு வளையம். இரட்டைத் தையல்.

"மாமாகிட்ட சொல்லிடாதக்கா. கையில எதையும் கட்டக் கூடாதும்பாரு."

"அவரு கெடக்காரு. யானையக் கட்டினாலும் இது அறாது."

மறுநாள் நான் கரையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். மச்சினன் மூழ்கினான். கொஞ்ச நேரத்தில் கயிறு துள்ளியது.

"பெருசா?" என்றேன்.

"சரியான மாடு! ஆடட்டும், களைக்கட்டும்" என்று கொக்கு கயிற்றை விட்டுக்கொடுத்தான்.

மச்சினன் தலை தெரியவில்லை. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சத்தமில்லாமல் படகுக்குப் பின்னால் எழுந்து மாமன் முகத்தில் தண்ணீர் அடிப்பது அவன் வழக்கம். "இன்னிக்கு நான் ஏமாற மாட்டேன்டா" என்று கொக்கு சிரித்துக்கொண்டே பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். துள்ளல் குறைந்தது. பிறகு நின்றது. இழுத்தான், வரவில்லை. குதித்தான்.

ஈட்டி வேரில் ஏறியிருந்தது. ஈட்டியோடு, மணிக்கட்டுப் பட்டையில் மாட்டிக்கொண்ட மச்சினன்.

உடம்பைப் படகில் ஏற்றியதும் கொக்கு கத்தியை எடுத்து அந்தப் பட்டையை அறுத்தான். யார் தைத்தது என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் போட்டிருந்த சட்டையிலும் அதே தையல். பட்டையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டான். நான் பார்த்துவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு என் தலையணை உறையைக் கேட்கும் சாக்கில் போனேன். ஜன்னலோடு நின்றுவிட்டேன்.

"கையில நான் தச்ச பட்டை இருந்துச்சா?"

"இல்ல. படகுலயே கழட்டி வச்சிட்டுத்தான் எறங்கினான்."

குளிப்பாட்டும்போது தம்பியின் கைகளைத் துடைத்தவளே அவள்தான். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம், அதில் இரண்டு வரிசையாகத் தையல் பதிந்திருந்தது பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

"ஒருதரம் இழுத்துப் பாத்திருக்கக் கூடாதா?"

"பிஞ்சிடும்னு..."

"அப்ப நீங்கதான் கொன்னீங்க."

"ஆமா. நான்தான்."

அவள் அவன் இடுப்பில் புடைத்திருந்த மடிப்பைப் பார்த்தாள். மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். அவன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். நூல் கோக்காத ஊசி என் தலையணை உறையில் இரண்டு வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டே போனது.

உறையைக் கேட்காமலே திரும்பினேன்.