ஐந்தாம் பதிப்பில் விட்டுப்போன சூடு

அகராதியின் நான்காம் பதிப்பு வெளியான நாளிலிருந்து ஊரில் யாருக்கும் விக்கல் வரவில்லை. வகர வரிசையில் ஒரு பதிவு அச்சுக்கூடத்தில் விழுந்துபோயிருந்தது, அவ்வளவுதான் காரணம். இல்லாத விக்கலை யார் தேடப்போகிறார்கள்? குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்த ஒரு தாதிதான், பிள்ளைகள் பால் குடித்த வேகத்தில் ஒன்றுகூட விக்காமல் படுத்திருப்பதைப் பார்த்துக் கலவரப்பட்டு அகராதி அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாள். அலுவலகம் வருத்தம் தெரிவித்து, விரல் அகலத்தில் ஒரு திருத்தச் சீட்டை அச்சடித்து, வாங்கியவர்கள் அனைவரும் அவரவர் பிரதியில் ஒட்டிக்கொள்ளும்படி அனுப்பியது. சீட்டு வெளியான அன்று மாலையே ஊர் விக்கியது. செலவு அச்சுக்கூலிக் கணக்கில் எழுதப்பட்டது.

இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. எழுதுகிறவர்களும் விடாமல் படிக்கிறவர்களும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த புத்தகங்கள் எல்லாவற்றுக்குமே இப்படி ஏதாவது ஒரு தொந்தரவு இருந்தது. நிலப்படக்காரர்கள் ஒருமுறை ஒரு குறுக்குத்தெருவை விட்டுவிட, அந்தத் தெருக்காரர்கள் அடுத்த பதிப்பு வரும்வரை பக்கத்துத் தெரு மதில் ஏறிக் குதித்துத்தான் வீட்டுக்குப் போனார்கள். அதனால் அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லை வெட்டுவதற்கு முறை வைத்திருந்தார்கள். மூன்று வெவ்வேறு ஆட்கள் எழுதி அச்சான மூன்று இடங்களில் அந்தச் சொல் இருக்க வேண்டும். இருந்தால் தங்கும், இல்லாவிட்டால் போகும். ஏற்கெனவே புழக்கம் ஒழிந்த பொருள்களின் சொற்களே பெரும்பாலும் போயின என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஐந்தாம் பதிப்புக்கு ஆள் எடுத்தபோதுதான் அவள் வந்து சேர்ந்தாள். வீட்டில் முதல் பட்டதாரி. அந்த அலுவலகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, யார் எந்த எழுத்தைப் பார்க்கிறார்களோ அதுதான் பெயர். கானா அண்ணன், பானா அக்கா என்று ஆட்கள் இருந்தார்கள். மகரம் காலியாக இருந்ததால் இவள் மானா ஆனாள். மற்றவர்கள் புத்தக அலமாரியில் முதுகு சாய்த்து வளர்ந்தவர்கள். "எங்க வீட்டுல இந்த அகராதியோட முதல் பதிப்பே இருக்கு" என்று பானா அக்கா ஒருநாள் பெருமையாகச் சொன்னபோது, "எங்க வீட்டுல கட்டிலே ஒண்ணுதான்கா இருக்கு, அலமாரிய எங்க வைக்கிறது?" என்றாள் மானா. அதற்கப்புறம் அவளிடம் யாரும் வீட்டுக் கதை பேசவில்லை.

கட்டில் ஒன்றுதான் என்பது பொய்யில்லை. அப்பாவுக்குப் பாட்டில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட், வார விடுமுறையும் வேறு வேறு நாள். அம்மாவைத் தெருமுனையில் இறக்கிவிடும் வண்டியே அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும். காலையில் அதுவே மாறி நடக்கும். ஒருத்தர் இறங்க ஒருத்தர் ஏற, நடுவில் "குழம்பு மூடி வெச்சிருக்கேன்" என்பதற்கு மேல் பேச நேரமிருக்காது. அம்மா வீட்டுக்குள் வந்ததும் முதலில் கட்டிலில் கை வைத்துப் பார்ப்பாள். அப்பா எழுந்துபோன இடம் இன்னும் கதகதவென்று இருக்கும். "மிச்சூடு இருக்குடி, ஆறுறதுக்குள்ள வந்து படு" என்று மகளையும் இழுத்துப் போட்டுக்கொள்வாள். விடியலில் அப்பா வந்து அம்மாவின் மிச்சூட்டில் சுருண்டுகொள்வார். அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகளில் இதே கதைதான். இருபத்தைந்து வருஷம் அவர்கள் குடித்தனம் நடத்தியதே அந்தச் சூட்டில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

மகர வரிசையில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் மானாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பு எந்தத் தொகுப்பாளரோ காதால் கேட்டு எழுதிப்போட்டிருந்தார். 'மிச்சூடு: படுக்கையிலிருந்து ஒருவர் எழுந்த பின் அங்கே சிறிது நேரம் தங்கும் சூடு.' ஆதாரம் ஒன்றுகூட இல்லை. தோளுக்குப் பின்னாலிருந்து கானா அண்ணன் எட்டிப் பார்த்து, "இது யார் வீட்டு வார்த்தைம்மா?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுக்குத்தான் காது மடல் சுட்டது. "தெரியலண்ணா" என்று சொல்லிச் சிவப்புக் கோடு போட்டாள். போடும்போதே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். 'சூடு' என்ற சொல் சானாவிடம் பத்திரமாக இருக்கிறது, இது அதற்குள் அடங்கிவிடும். அகராதிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. உலகத்தில் எந்தச் சூடும் இன்னொரு சூட்டுக்குள் அடங்குவதில்லை.

ஐந்தாம் பதிப்பு வெளியான அன்று காலை, ஊரில் எழுந்தவர்கள் எழுந்த மாத்திரத்தில் படுக்கைகள் கல்லாகக் குளிர்ந்தன. ஆளுக்கொரு கட்டில் உள்ள வீடுகளில் யாருக்கும் தெரியவில்லை, அவர்கள் விட்ட இடத்தில்தான் யாரும் படுப்பதில்லையே. குடியிருப்பில் தெரிந்தது. சில நாளில் மானா தங்கியிருந்த விடுதிக்கு அம்மாவின் போன் வந்தது.

"உங்கப்பா இப்பல்லாம் கட்டில்ல படுக்குறதே இல்லடி. கை வெச்சுப் பாத்தா சில்லுனு கெடக்கு."

"வேற எங்கம்மா படுப்பாரு?"

"அத அந்த மனுஷன்கிட்ட கேளு. பகல் பூரா எங்க போறாரோ. நேத்து புதுச் சட்ட வேற!"

"அது நான் வாங்கிக் கொடுத்ததும்மா."

"நீயும் உடந்தையா?"

அப்பா தொழிற்சாலை வாசலிலிருந்து தனியாகப் பேசினார். "உங்கம்மாவுக்கு எம்மேல என்னம்மா கோவம்? தரையில படுத்து எந்திரிச்சுப் போறா போலிருக்கு. கட்டிலு ஐஸ் மாதிரி இருக்கு. நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டுச் சொல்லு." மானா இருவரிடமும் உள்ளதைச் சொன்னாள், அது தான் வெட்டிய சொல் என்று. "அப்பாவுக்குப் பரிஞ்சு பேசாத" என்றாள் அம்மா. "அம்மாவுக்குப் பரிஞ்சு பேசுற" என்றார் அப்பா. மறுவாரம் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை துணிமூட்டையோடு தம்பி வீட்டுக்குப் போகிறாள், மகள் வந்து பஸ் ஏற்றிவிட வேண்டும்.

அந்த வாரம் முழுக்க மானா ஆதாரம் தேடினாள். சொற்களஞ்சியத்தில் சூட்டுக்கு எழுபது மாற்றுச் சொற்கள் இருந்தன, இது இல்லை. கலைக்களஞ்சியத்தில் எரிமலை இருந்தது. மேற்கோள் தொகுப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. நாவல்களில் பிரிவும் ஏக்கமும் படுக்கையும் பக்கம் பக்கமாகக் கிடந்தன, ஒருத்தர் எழுந்த இடத்தில் இன்னொருத்தர் படுத்ததாக ஒரு வரி கிடையாது. எப்படி இருக்கும்? ஷிப்ட் கட்டிலில் படுத்தவர்கள் எழுந்து பேனாவைத் தேடவில்லை, வண்டியைப் பிடிக்க ஓடினார்கள்.

சனிக்கிழமை அவள் தலைமைத் தொகுப்பாளர் அறைக்குள் தட்டாமல் நுழைந்தாள். அவர் கவலையாக உட்கார்ந்திருந்தார். அலுவலகப் பூனை பத்து வருஷமாக, அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் ஏறிப் படுத்துக்கொள்ளும். இப்போது ஏறிய வேகத்தில் குதித்து ஓடுகிறது. "என்ன ஆச்சுன்னே தெரியலம்மா. மருத்துவர்கிட்ட காட்டினேன், நல்லாத்தான் இருக்குங்கிறார்."

"பூனைக்கு ஒண்ணும் இல்ல சார். மிச்சூடு போயிடுச்சு."

"எது?"

"நான் வெட்டினது. திருத்தச் சீட்டு போடணும். இன்னிக்கே."

"போடலாம். ஆதாரம் மூணு கொண்டுவந்தியா?"

"எந்திரிங்க சார்."

அவருக்கு வாழ்நாளில் யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை. எழுந்துவிட்டார். அவள் அவர் கையைப் பிடித்து, அவர் அரைநாள் உட்கார்ந்திருந்த மெத்தைமேல் அழுத்தினாள். "பாருங்க. நீங்க இங்க உக்காந்திருந்ததுக்கு என்ன ஆதாரம் இருக்கு? எங்கம்மா வேற ஆதாரமே கேட்டதில்ல சார். எங்க வீட்டுல இதுக்கு மட்டும்தான் வசதி இருந்துச்சு. அதையும் நானே வெட்டிட்டேன்." அவர் கையை எடுக்காமல் வெகுநேரம் அந்தக் குளிரைத் தொட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "ஆதாரம்ங்கிற இடத்துல என்ன போடுறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அம்மான்னு போடுங்க."

அப்படியே போட்டார்கள். அச்சுக்கூடம் பூட்டும் நேரம். பழைய பதிப்பை எடுத்துப் பார்க்க நேரமில்லாமல் மானா மனத்தில் இருந்ததை எழுதிக் கொடுத்தாள். 'மிச்சூடு: படுக்கையிலிருந்து ஒருவர் எழுந்த பின், அவர் திரும்பி வரும்வரை அங்கே தங்கும் சூடு. ஆதாரம்: அம்மா.' கானா அண்ணன் மெய்ப்புப் பார்த்தார். எழுத்துப்பிழை இல்லை என்பதால் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு மானா போனபோது அம்மா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அப்பா சாயங்கால வண்டியில் ஷிப்டுக்குப் போய் வெகுநேரமாகியிருந்தது. அம்மா எழுந்திருக்க ஊன்றிய கை அப்படியே நின்றது. இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தாள். தலையணைப் பக்கம் பார்த்தாள், கால்மாட்டிலும் பார்த்தாள். "படுத்துத்தான் இருந்திருக்கார்" என்றாள், பாதி கோபமாக. மூட்டையைப் பிரித்துச் சேலைகளைக் கொடியில் போட்டாள். பஸ்ஸைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

விளக்கத்தில் நேர்ந்த தவறு பின்னால் தெரியவந்தது. இறங்கிப்போனவர்கள் திரும்பி வராததால் ரயில் படுக்கைகள் ஆறவில்லை. விடுதிக்காரர்கள் அறைக்கு இரண்டு மின்விசிறி மாட்ட வேண்டியதாயிற்று. ஒரே சொல்லுக்கு இரண்டு திருத்தச் சீட்டு போடுவது அலுவலகத்துக்கு மரியாதையில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆறாம் பதிப்பிலும் ஏழாம் பதிப்பிலும் அது அப்படியேதான் வந்தது. ஏழாம் பதிப்பின் தலைமைத் தொகுப்பாளர் மானாதான்.

அப்பாவும் அம்மாவும் ஓய்வு பெற்றபின்தான் முதல்முறையாக எல்லா நாளும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டிலில் படுத்தார்கள். இடம் போதாமல் தினமும் சண்டை. அப்பா சுவரோரம் ஒதுங்கிப் படுத்துப் பழகிக்கொண்டார். ஆறு வருஷம் கழித்து அவர் தவறிப்போனார். சுவரோரம் அதற்கப்புறம் ஆறவே இல்லை. அம்மா அதைப் பற்றி யாரிடமும் வியந்து பேசவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் நகர்ந்து படுத்துக்கொள்வாள். வெயில்காலத்தில், "கொஞ்சம் தள்ளித்தான் இருங்களேன்" என்று சுவரைப் பார்த்துச் சலித்துக்கொண்டு, பாயை எடுத்துத் தரையில் விரித்துக்கொள்வாள்.